பஸ்ஸுக்கும் ரூமுக்கும் இலக்கணம் உண்டு
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுப் பேச்சைப் பற்றியவை. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம்.

என் மகன் தொடக்கநிலை ஒன்றில் படிக்கிறான். வீட்டில் நாங்கள் பேசுவதைக் கேட்டு 'பஸ்ஸு வந்துருச்சு', 'ரூமுல இருக்கு' என்று நன்றாகப் பேசுகிறான். ஆனால் என் மாமியார், "இப்படிக் கொச்சையாப் பேசிப் பழகினா நாளைக்குப் பரீட்சை எப்படி எழுதுவான்? இதுக்குப் பேசாம இங்கிலீஷ்லயே பேசலாம்" என்கிறார். பேச்சுத்தமிழுக்கு இலக்கணமே கிடையாதா, டீச்சர்?
– வாசகி, பொங்கோல்

உண்டு. உங்கள் மகன் சொன்ன 'பஸ்ஸு', 'ரூமு' இரண்டிலுமே இருக்கிறது.

பஸ் என்பதை அவன் 'பஸ்ஸு' என்கிறான். கடைசி மெய் இரட்டிக்கிறது. ரூம் என்பதை 'ரூமு' என்கிறான். 'ரூம்மு' என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் சொற்களைச் சேர்த்துப் பாருங்கள். பில்லு, பெல்லு, டின்னு, பின்னு. இவற்றில் எல்லாம் இரட்டிக்கிறது. ஸ்கூலு, ஹாலு, ஃபேனு, டீமு. இவற்றில் இல்லை. முதல் வரிசையில் வருவது குறில், இரண்டாவதில் நெடில். சரி, ஹோட்டலில் கடைசி மெய்க்கு முன்னால் குறில்தானே இருக்கிறது, 'ஹோட்டல்லு' என்று ஏன் சொல்வதில்லை? அந்தக் குறில் தனியாக இல்லை, அதற்கு முன் இன்னோர் அசை நிற்கிறது.

இப்போது நம் சொந்தச் சொற்களுக்கு வாருங்கள். கல்லு, பல்லு, முள்ளு. காலு, பாலு, நாளு. கடலு, வயலு. அச்சு அசலாக அதே ஒழுங்கு. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் இதை ஒரே வரியில் எழுதிவைத்தார்: 'தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்.' கல்லெறிந்தான் என்பதில் லகரம் இரட்டிப்பதும், பாலூற்றினான் என்பதில் இரட்டிக்காததும் இதனால்தான். பேச்சில் சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்க்கிறோம். உயிர் வந்துவிட்டது, விதி வேலை செய்கிறது. நன்னூல் எழுதிய காலத்தில் பஸ் கிடையாது. ஆனாலும் அந்த விதி பொங்கோலில் ஓர் ஆறு வயதுப் பிள்ளையின் வாயில், ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லின்மேலும் பிசகாமல் நடக்கிறது. நீங்களும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை, உங்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

மொழியியலில் இலக்கணம் என்று முதலில் சொல்வது இதைத்தான். பேசுகிறவர் மனத்துக்குள் இருக்கும், அவருக்கே தெரியாத ஒழுங்கு. புத்தக இலக்கணம் அதைக் கண்டு எழுதிவைப்பது.

பிள்ளை கேட்ட சொல்லை மனப்பாடமாகத் திருப்பிச் சொல்கிறதோ என்ற சந்தேகம் வரலாம். அதைத் தீர்க்க 1958இல் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர் அழகான ஒரு சோதனையை வெளியிட்டார். பறவை மாதிரி ஒரு படத்தைக் காட்டி, "இது ஒரு வக்" என்பார். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. பிறகு இரண்டைக் காட்டி, "இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டு…?" என்று நிறுத்துவார். சின்னப் பிள்ளைகள் சரியான பன்மை விகுதியைச் சேர்த்து முடித்தார்கள். கேட்டே இராத சொல்லை மனப்பாடம் செய்திருக்க வழியில்லை.

இதையே தமிழில் என் பேரனிடம் செய்து பார்த்தேன். தாளில் இரண்டு பெட்டி வரைந்து, ஒன்றுக்குத் 'தில்' என்றும் மற்றதற்குத் 'தீல்' என்றும் பெயர் வைத்தேன். முதல் பெட்டிக்குள் பந்தை வரைந்து "பந்து எதுல இருக்கு?" என்றேன். "தில்லுல" என்றான். அடுத்த பெட்டிக்குள் வரைந்து கேட்டேன். "தீலுல." இன்று இரவே உங்கள் மாமியார் முன்னிலையில் செய்து பாருங்கள்.

அவருடைய கவலையும் நியாயமானது. பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்று தமிழ் இரண்டாக இருக்கிறது. இதற்கு இரட்டை வழக்கு என்று பெயர். அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைட்டியின் கிரியோல் ஆகிய நான்கையும் விரிவாக எடுத்துக்காட்டினார். சுவிஸ் குடும்பங்கள் வீட்டில் சுவிஸ் ஜெர்மன்தான் பேசுகின்றன. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ப் பொது ஜெர்மனில் எழுதக் கற்கிறார்கள். வீட்டுப் பேச்சு அதைத் தடுப்பதில்லை. கிரேக்கர்கள் 1976இல் பேச்சுக்கு நெருங்கிய வழக்கையே அரசு மொழியாக்கினார்கள். நமக்கு அந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து. எழுத்துத்தமிழ்தான் மதுரைக்காரரையும் யாழ்ப்பாணத்தாரையும் நம்மையும் ஒரே பக்கத்தைப் படிக்க வைக்கிறது.

ஆனால் "இங்கிலீஷ்லயே பேசலாம்" என்பதை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் 32.3 விழுக்காடு. 2020இல் 48.3 விழுக்காடு. அதே 2020இல் வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு. இந்த ஊரில் எழுத்துத்தமிழைப் பள்ளிக்கூடம் தரும், தேர்வு தரும், செய்தித்தாள் தரும். பேச்சை வீடு தராவிட்டால் வேறு யாரும் தரப்போவதில்லை. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரச் சொன்னது இதனால்தான். கொச்சை என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையின் வாயை மூடிவிட்டோம். நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்: ஒரு பிள்ளை 'வந்துருச்சு' என்று ஆரம்பிக்கும், சட்டென்று நிறுத்தும், 'வந்துவிட்டது' நினைவுக்கு வராது, ஆங்கிலத்துக்குத் தாவிவிடும்.

தூங்கப் போகும்முன் ஒரு கதைப் புத்தகத்தை எழுத்தில் உள்ளபடியே படித்துக் காட்டுங்கள். பிறகு அதைப் பற்றி உங்கள் பேச்சில் பேசுங்கள். 'வந்துவிட்டது' – 'வந்துருச்சு', 'இருக்கிறது' – 'இருக்கு' என்று இரண்டுக்கும் உள்ள கோடுகளை அவனே போட்டுக்கொள்வான். பஸ்ஸையும் ரூமையும் பிரித்துப் போட்டவனுக்கு இது பெரிய காரியம் இல்லை.

ஆங்கிலத்தில் P வேறு, B வேறு என்று இரண்டு எழுத்து. நம்மிடம் ஒரே ஒரு ப. க, ச, ட, த எல்லாமே இப்படித்தான். இது தமிழ் எழுத்தின் குறை இல்லையா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பல், அம்பு, அப்பா என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். அம்பில் வரும் பகரம் தொண்டை அதிர ஒலிக்கிறது, மற்ற இரண்டில் அதிர்வு இல்லை. எங்கே அதிரும், எங்கே அதிராது என்பதைச் சொல்லில் அந்த எழுத்து நிற்கும் இடமே முடிவு செய்துவிடுகிறது: முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வல்லென்று வரும், மெல்லினத்துக்குப் பின் அதிரும். இடத்தை வைத்தே ஒலி தெரிந்துவிடுவதால் தமிழ்க் காதுக்கு அவை ஒன்றுதான். பொருளை மாற்றும் அலகை ஒலியன் என்றும், இடத்துக்கேற்ப அது எடுக்கும் வடிவங்களை மாற்றொலி என்றும் சொல்வார்கள். வலி, வளி, வழி மூன்றும் மூன்று பொருள், ஆகவே ல, ள, ழ மூன்று ஒலியன்கள்.

எந்த வேறுபாடு பொருளை மாற்றும் என்பது மொழிக்கு மொழி மாறும். ஜோகூர் பாருவில் உள்ள 'பாரு' மலாயில் புதியது என்று பொருள்படும். அதே சொல்லின் முதல் ஒலியை அதிர்வில்லாமல் சொன்னால் நுரையீரல். மலாய்க்காரருக்கு இரண்டும் இரண்டு சொல், தமிழில் எழுதினால் இரண்டும் பாரு.

ஆங்கிலத்துக்கும் இப்படிக் காதில் விழாத வேறுபாடு உண்டு. டிஷ்யூ பேப்பரில் ஒரு சின்னக் கீற்றை உதட்டருகே பிடித்துக்கொண்டு 'பின்' என்றும் 'ஸ்பின்' என்றும் ஆங்கிலேயர் சொல்வதுபோல் சொல்லுங்கள். முதலாவதில் காற்று வந்து தாள் துள்ளும், இரண்டாவதில் அநேகமாக அசையாது. ஆங்கிலம் பேசுகிறவர் வாழ்நாள் முழுவதும் இரண்டையும் ஒரே ஒலியாகத்தான் கேட்பார். மாண்டரின் பேசும் பக்கத்து வீட்டுக்காரருக்கோ அந்தக் காற்றுதான் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிக்கிறது.

ஆகவே சொந்தச் சொற்களைப் பொறுத்தவரை நம் எழுத்து சிக்கனமானது, குறை சொல்ல ஏதும் இல்லை. கடன்சொற்கள் வந்தபோதுதான் நெருக்கடி. 'பரீட்சையில பாஸ் பண்ணிட்டான்', 'பாஸ் இன்னும் ஆபீஸ் வரல' – நாக்கு பிரிக்கிறது, எழுத்து பிரிக்கவில்லை. ஆனால் சொல்லின் நடுவில் தமிழ் இதற்கும் வழி கண்டிருக்கிறது. ரோடு என்கிறோம், நோட்டு என்கிறோம். இரண்டிலும் ஓகாரம் நெடில்தான். முதல் பதிலில் சொன்ன விதிப்படி 'நோட்டு' இரட்டிக்கத் தேவையில்லை. ஆனால் ஒற்றை டகரம் உயிர்களுக்கு நடுவே வந்தால் அதிர்ந்துவிடும், நோட் ரோடுபோல ஒலித்துவிடும். அது நடக்காமலிருக்க வாய் தானாகவே இரட்டிக்கிறது. சோப்பு, கேக்கு, பைப்பு எல்லாம் இந்தக் கணக்குதான். எனக்கு இதைவிட அழகான ஒரு சான்று தமிழில் கிடைத்ததில்லை.

'டிக்கெட்டை ஆன்லைன்ல புக் பண்ணிட்டேன்.' என் பேத்தி பேசும் தமிழ் இது. இதைத் தமிழ் என்பதா, ஆங்கிலம் என்பதா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

தமிழ்தான். சொற்களை எண்ணாதீர்கள், வாக்கியத்தின் சட்டகத்தைப் பாருங்கள். வினை கடைசியில் வருகிறது. ஐ, ல என்று உருபுகள் தமிழ். காலமும் பேசுகிறவர் யார் என்பதும் 'பண்ணிட்டேன்' என்பதில் இருக்கின்றன. ஆங்கில இறந்தகால வடிவத்தைக் கொண்டுவந்து 'புக்டு பண்ணினேன்' என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். 'பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்', 'பஸ்ஸு மிஸ் ஆயிடுச்சு.' 'கேன்சல் பண்ணிட்டாங்க', 'கேன்சல் ஆயிடுச்சு.' உடைத்தான் – உடைந்தது என்று தமிழ் வினைகள் காட்டும் பிரிவைப் பண்ணு, ஆகு என்ற இரண்டையும் வைத்து ஆங்கிலச் சொல்லுக்கும் உங்கள் பேத்தி போட்டுவிடுகிறார். இந்தப் பிரிவைத் தமிழ் கேட்கிறது, அவர் கொடுக்கிறார்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். வெங்காயம் உரிப்போம், கீரை ஆய்வோம், தேங்காய் துருவுவோம், மிளகாயைக் கிள்ளுவோம். ஒவ்வொன்றுக்கும் கையசைவு வேறு, வினையும் வேறு. இவை போய் எல்லாம் ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லோடு 'பண்ணு' என்று ஆகிவிட்டால் சட்டகம் நிற்கும், வீடு காலியாகிவிடும். பயணச்சீட்டைப் பேத்தி எப்படி வேண்டுமானாலும் வாங்கட்டும். வார இறுதியில் அவரை அடுப்படிக்குக் கூப்பிடுங்கள்.

தமிழ்தான் உலகின் முதல் மொழி, கன்னடமும் தெலுங்கும் தமிழிலிருந்து பிரிந்தவை என்று சொல்கிறார்கள். மொழியியல் என்ன சொல்கிறது?
– வாசகர், தெம்பனிஸ்

தமிழ்மேல் உள்ள பற்றில் கேட்கிறீர்கள், எனக்கும் அது உண்டு. ஆனால் இந்தக் கூற்று சரியில்லை.

கன்னடம் பேசும் நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி, பத்து – ஹத்து. நம் பகரம் நிற்கும் இடத்தில் அவர்களிடம் ஹகரம், வரிசையாக. பழைய கன்னடத்தில் பகரமே இருந்தது, பின்னால்தான் மாறியது. இதுவரை உங்கள் கூற்றுக்குச் சாதகமாகத் தோன்றும். இப்போது வேறு சொற்கள்: செவி – கிவி, சிறு – கிரு. இங்கே பழைய ஒலியைக் காத்துவைத்திருப்பது கன்னடம். இகர எகரங்களுக்கு முன் ககரம் சகரமாவது உலகெங்கும் நடக்கிற மாற்றம், லத்தீனின் ககரம் இத்தாலியத்தில் இப்படித்தான் மாறியது. நாம் ஒன்றை மாற்றினோம், அவர்கள் ஒன்றை மாற்றினார்கள். இரண்டுமே இன்னொரு பழைய மொழியின் பிள்ளைகள். அதை மூலத் திராவிடம் என்கிறோம். அதில் எழுத்து எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை, இப்படி வரிசை வரிசையாக ஒப்பிட்டு மீட்டெடுத்ததுதான். இந்தக் குடும்பம் தனியானது என்று சென்னையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இலேயே காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது.

ஹல்லு, ஹாலு என்பதில் குறிலுக்குப் பின் இரட்டிப்பதும் நெடிலுக்குப் பின் இரட்டிக்காததும் கண்ணில் பட்டதா? கன்னடத்தில் கல்லு, காலு என்றும் உண்டு. பொங்கோல் பிள்ளையின் விதி தமிழுக்கு மட்டும் சொந்தம் இல்லை.

முதல் மொழி எது என்பதற்கு எவரிடமும் சான்று கிடையாது. பேச்சு புதைபடிவமாகக் கிடைப்பதில்லை. தமிழுக்குள்ள பெருமை வேறு: மதுரைக்கு அருகே மாங்குளத்தில் கி.மு. 3 – 2ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, அங்கிருந்து இன்றுவரை எழுத்து அறுபடாமல் வந்திருக்கிறது. உயிரோடு பேசப்படும் மொழிகளில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவை மிகச் சில.

ஹொக்கியனும் கேண்டனீசும் சீனத்தின் வட்டார வழக்குகள்தான் என்கிறார் என் அலுவலகத் தோழி. ஆனால் ஒன்று பேசுகிறவருக்கு மற்றது புரிவதில்லையாமே?
– வாசகி, பிடோக்

புரியாது என்பது உண்மை. ஒருவருக்கொருவர் புரிந்தால் வழக்கு, புரியாவிட்டால் மொழி என்று கொண்டால் அவை தனித்தனி மொழிகள். மலாயும் இந்தோனீசியமும் பெருமளவு புரியும், ஆனாலும் இரண்டு நாடு, இரண்டு பெயர். பெயர் வைப்பது வரலாறும் அரசும். 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கத்துக்குப் பிறகு இங்கே பல சீன வீடுகளில் பாட்டியின் மொழி பேரனுக்குப் புரியாமல் போனது. உங்கள் தோழியின் வீட்டிலும் அப்படி நடந்திருக்கலாம். அவரிடம் விவாதிப்பதைவிடப் பாட்டி எப்படிப் பேசுவார் என்று கேளுங்கள், சொல்ல நிறைய இருக்கும்.

தொடக்கக் கல்லூரியில் படிக்கிறேன், டீச்சர். மொழியியல் படிக்க ஆசை. அதற்கு நிறைய மொழிகள் தெரிந்திருக்க வேண்டுமா? எங்கே தொடங்குவது?
– மாணவி, ஈசூன்

வேண்டியதில்லை. நிறைய மொழி பேசுவது ஒரு திறமை. மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராய்வது வேறு வேலை. ஒரே மொழியை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர்கள் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் பன்மொழி ஆய்வும் ஒரு பட்டப்படிப்பாகவே இருக்கிறது. தமிழ் வழியாகப் போக விரும்பினால் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டம் உண்டு.

அதற்குள் உன் வீட்டில் தொடங்கு. அனுமதி கேட்டுவிட்டு, அப்பாவோ பாட்டியோ இயல்பாகப் பேசும்போது கைப்பேசியில் கொஞ்ச நேரம் பதிவு செய். பிறகு காதில் விழுந்தபடியே எழுது, திருத்தாதே. 'சாப்ட்டுட்டு' என்றால் 'சாப்ட்டுட்டு'தான். தயங்கியது, பாதியில் விட்டது எல்லாம் எழுது. சில நிமிடப் பேச்சை எழுதவே ஒரு மாலை போய்விடும், அலுத்துக்கொள்ளாதே. அதன் பிறகு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்: பாட்டி எந்தச் சொற்களின் முடிவில் உகரம் சேர்க்கிறார், எவற்றில் சேர்ப்பதில்லை? 'மரம்' என்பதைப் பேச்சில் என்ன செய்கிறார், 'ரூம்' என்பதை என்ன செய்கிறார்? இரண்டும் மகரத்தில்தான் முடிகின்றன, ஆனால் ஒன்று மூக்கொலியோடு நின்றுவிடும், மற்றது உகரம் வாங்கும். ஏன் என்று உனக்குத் தோன்றுவதை எழுதி அனுப்பு, அடுத்த இதழில் அதிலிருந்தே தொடங்குகிறேன்.